நெஞ்சில் வைக்காத கை

கிரேசி, இறந்துகிடந்த அண்ணன் சிலுவைமுத்துவின் இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின்மேல் குவித்து, கட்டைவிரல்களைச் சேர்த்து நூலால் கட்டப்போனாள். அவன் மனைவி ரீத்தா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நெஞ்சுல வைக்காண்டாம்.”

“என்ன மைனி சொல்லுதிய? செத்தவங்களுக்கு அப்படித்தானே வைப்போம்?”

“எல்லாருக்கும் வையி. எனக்க மாப்பிளைக்கு வைக்காண்டாம்.”

சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கள்ளனுக்கு இது வேறயா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ரீத்தாவின் காதில் விழவேண்டும் என்றுதான் முணுமுணுத்தாள்.

கள்ளனாம்! குளச்சலில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் புகையிலைப் பொதி காணாமல்போனதற்கு, அந்தப் பக்கமாக வலை சுமந்து வந்த சிலுவைமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டில் உயரத்தில் உட்கார்ந்திருந்தவர், குற்றம் செய்தாயா என்று கேட்டார். இந்த மனுஷன் என்ன செய்தான்? விவரம் தெரிந்த நாள் முதல் கோயிலில் முழங்காலிட்டுச் செய்த பழக்கம். தலையைக் குனிந்து, ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று நெஞ்சில் தட்டினான். ஒத்துக்கொண்டான் என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான் விசாரணை.

பிறகு அவள் நாகர்கோவிலில் வக்கீல் தாணுமாலயன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவன் வாயே திறக்காண்டாமே அம்மா! களவை நிரூபிக்க வேண்டியது சர்க்காருக்க பாடு. இவன் சும்மா நின்னிருக்கலாம். வக்கீல் வச்சுக்கிடலாம்னு ஒருத்தரும் சொல்லல்லியா?”

அப்பீலுக்குக் கெடு கடந்திருந்தது.

ஜெயிலில் போய் அதைச் சொன்னபோது சிலுவைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். “சும்மா நிக்கலாமா? எனக்குத் தெரியாதே ரீத்தா,” என்றான். தண்டனை முடிந்து இருமலோடு திரும்பிவந்தபின் அவன் கோயிலில் நெஞ்சைத் தட்டவே இல்லை. ஊரே தட்டும்போது கைகளைத் தொங்கவிட்டு நிற்பான். அதற்கும் ஊர் பேசியது.

ஆண்கள் கோயிலின் பொதுச் சவப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கி, அவனை அதில் கிடத்தினார்கள். உடம்பு உருகிப்போயிருந்தாலும் துடுப்பு வலித்த தோள் குறுகவில்லை. கைகள் பக்கத்தில் அடங்கவில்லை.

“பெட்டி கொள்ளாது மைனி. நெஞ்சுலதான் வைக்கணும்,” என்று கிரேசி அழுதாள்.

ரீத்தா குனிந்து, கைகளைத் தூக்கி அவன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளங்கைகளை மேலே பார்க்கத் திருப்பி, விறைக்கத் தொடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

“பாருங்க. இதுல என்ன இருக்குன்னு வந்தவங்க எல்லாரும் நல்லாப் பாருங்க.”

அடக்க ஜெபம் சொல்லப் பங்குச் சாமியார் உள்ளே வந்தார். விரிந்துகிடந்த கைகளைப் பார்த்தார், ரீத்தாவைப் பார்த்தார். கொண்டுவந்த மரச்சிலுவையை வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மடக்கவில்லை.