பஞ்சாட்சரத்தின் கால்கள்

“மண்ணைக் கரைச்சு ஊத்தாம உசுரு எப்டி அண்ணி போவும், அதான் முசரவாக்கத்துல இருந்து நானே…”

“போவணும்னு உங்கிட்ட யாரு அழுதாங்க? இப்பதான் கண்ணு…”

“…நானே ஏரிக்கரை நெலத்துல எறங்கி எடுத்துக்கினு வந்தேன். அந்த நெலத்தை வித்தப்ப அண்ணன் மூணு நாளு சோறு துண்ணல, தெரியுமா உனுக்கு?”

“…கண்ணு அசந்திருக்காரு. மெதுவா பேசு லோகு.”

லோகாம்பாள் மெதுவாகப் பேசிப் பழகாதவள். நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் தன் அண்ணன் பஞ்சாட்சரம் கிடப்பதற்கு விற்றுப்போன நிலத்தின் மேல் இருக்கும் ஆசைதான் காரணம் என்று அவளுக்கு உறுதி. ஆசை மிச்சம் இருந்தால் உயிர் போகாது. மண்ணாசைக்கு மண்தான் கொடுக்க வேண்டும். முந்தானையில் முடிந்து வந்ததை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கியும் விட்டாள்.

ரேணுகாம்பாளுக்கு அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாத ஆசையா?

“வடிகட்டினியா?” என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

லோகாம்பாள் படுக்கைப் பக்கம் குனிந்தாள்.

“இன்னாண்ணா?”

“கலியன் சாவக் கெடந்தப்ப ஊத்துனதுல கல்லு இருந்துது. அவன் பல்லுல நறநறன்னுச்சு. வடிகட்டிக் குடு.”

லோகாம்பாள் முந்தானையில் வடிகட்டி இரண்டு கரண்டி ஊற்றினாள். அவர் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

“நெலத்தை வாங்குனவன் வேர்க்கடலை போட்டிருக்கானா?”

“ஆமாண்ணா.”

“அதான்” என்று கண்களை மூடிக்கொண்டார்.

லோகாம்பாள் அவர் மார்பையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வெளியே யாரோ தெரு நீளத்துக்கு நெசவுப் பாவு நீட்டியிருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டிழைகள் வாசலைத் தாண்டிப் போயின. அவற்றில் பட்ட ஆடி மாசத்து வெயில் உள்ளே வந்து, தறியின் மேலும் அவர் முகத்தின் மேலும் தண்ணீர்போல அசைந்தது.

பக்கத்து வீட்டு முனிரத்தினம் இழைகளுக்கு அடியில் குனிந்து வந்தார்.

“இன்னா பஞ்சாட்சரம், உனுக்குப் போயி நாங்க தைரியம் சொல்லணுமா? ஊருக்கே சொன்னவனாச்சே நீ.”

உண்மைதான். அந்தத் தெருவில் யார் செத்தாலும் முதலில் பஞ்சாட்சரத்தைத்தான் கூப்பிடுவார்கள். உடம்பு விறைப்பதற்குள் போய்த் தாடையை மூடிக் கட்டுவார். கைகளைச் சேர்ப்பார். கால் கட்டைவிரல் இரண்டையும் ஒன்றாக வைத்து நாடாவால் அவிழாத முடிச்சுப் போடுவார். அழுகிறவர்களிடம், “சாவுல பயப்பட ஒண்ணும் இல்லபா. தறியை விட்டு எழுந்து போற மாதிரிதான்” என்பார். அவர் சொன்னால் அழுகை நின்றுவிடும்.

“அதே தெம்புல இரு” என்று முனிரத்தினம் போய்விட்டார். லோகாம்பாள் குளிக்கக் கிணற்றடிக்குப் போனாள்.

“ரேணுகா.”

“இன்னா வேணும்?”

“கதவைச் சாத்து.”

சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திருடியதை ஒப்புக்கொள்கிறவரைப்போல அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“பயமா இருக்குது.”

ரேணுகாம்பாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “நீங்க பாக்காத சாவா?” என்றாள்.

“பாத்தேன். நான் கட்டிக்கினு இருந்தேன், அவங்க படுத்துக்கினு இருந்தாங்க. படுத்துக்கினு இருக்கிற பக்கம் எப்டி இருக்கும்னு ஒரு நாளும் யோசிக்கல.”

சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவர் சொல்லிக் கேட்டவைதான். அவற்றை அவரிடமே எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

“எனக்கும் பயந்தான்” என்றாள்.

“நெசமாவா?”

“கல்யாணம் ஆன நாளா. நீங்க ஒவ்வொரு எழவு வீட்டுக்கும் போய்ட்டு வந்து சிரிச்சிக்கினு சோறு துண்ணுவீங்க. நான் உள்ள போயி உக்காந்துப்பேன்.”

“சொல்லவே இல்லியே.”

“நீங்க சிரிப்பீங்கன்னு.”

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. வேறொருவரும் வருகிறார் என்று தெரிந்த வழிப்போக்கனின் தளர்ச்சி.

“ஒண்ணு கேட்டா செய்வியா? காலைக் கட்டாத.”

அவள் போர்வையை அவர் கால்மேல் இழுத்துவிட்டாள்.

“நாப்பத்தஞ்சு வருசம் தறிக்குழியில எறங்கி மிதிச்ச காலு. ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறணும். ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் போட்டா…”

“கட்டலன்னா காலு விரிஞ்சிடும்னு நீங்கதான சொல்லுவீங்க. பாக்க அசிங்கமாயிடும்னு.”

“சொல்லுவேன்.”

“உங்க தங்கச்சி சும்மா இருப்பாளா? தெரு சும்மா இருக்குமா?”

“இருக்காது.”

தெருவில் யாரோ இழை அறுந்துவிட்டதென்று கத்தினார்கள். முடிச்சுப் போட்டாகிவிட்டது என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

“சரி. கட்டல” என்றாள் ரேணுகாம்பாள்.

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் வேறு எங்கோ இருந்து பேசியது. பொழுது சாய்ந்து, விளக்கு வைத்து, அது எரிந்து அணைந்து, கோழி கூவுகிற வரைக்கும் விட்டுவிட்டு வந்த பேச்சு.

“ஓரிக்கைப் பக்கம் ஆத்துல தண்ணி வந்துட்டுதா?”

பாலாற்றில் அந்த வருஷம் மணல்தான் இருந்தது. “வந்துட்டுது” என்றாள்.

“எம்மாம்?”

“கணுக்கால் அளவு.”

“வெதுவெதுன்னு இருக்குது.”

“பகலெல்லாம் வெயிலு இல்ல? அதான்.”

“அக்கரையில யாரோ நிக்கறாங்க.”

“யாரு?”

“தெரியல. பந்தம் மாதிரி இருக்குது. ஜரிகையோ இன்னாவோ.”

“போயிப் பாக்கலாம். மெதுவா வையுங்க காலை. பள்ளம் இருக்கும்.”

“நீ?”

“பின்னாலதான் வரேன். சேலை நனையுது, தூக்கிக்கினு வரேன்.”

போர்வைக்கு அடியில் அவர் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. இடது இறங்கியது, வலது ஏறியது. வலது இறங்கியது, இடது ஏறியது. சுவரோரம் லோகாம்பாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுக் கண்ணாடி வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் இறங்கியபோது இடது கால் இறங்கியது. வலது கால் ஏறவில்லை.

ரேணுகாம்பாள் யாரையும் எழுப்பவில்லை. தாடையைக் கட்டினாள். கைகளைச் சேர்த்துக் கட்டினாள். பெட்டியிலிருந்து புது வேட்டியை எடுத்து இடுப்புக்குக் கீழே விரித்தாள். பிறகு காலடியில் உட்கார்ந்து, வேட்டிக்குள் கைகளை விட்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. உடம்பு விறைக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு வைக்கவில்லையே என்று நினைத்தாள்.

வீடு நிறைந்தது. கொள்ளி வைக்க லோகாம்பாளின் மகன் அரக்கோணத்திலிருந்து வர வேண்டும் என்று முனிரத்தினம் சைக்கிளில் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். கையில் நாடா இருந்தது.

“கட்டுறவனே போயிட்டானேம்மா. நான் கட்டட்டுமா?”

“கட்டியாச்சுங்க” என்றாள் ரேணுகாம்பாள்.

“அந்தண்ட வாயேம்மா, ஒரு வாய்க் காப்பியாவது…”

“விடுங்க” என்றாள் யாரோ ஒரு பெண். “புருசன் காலைப் புடிச்சிக்கினு கெடக்குது பாவம்.”

எட்டு மணி, ஒன்பது மணி ஆனது. உள்ளங்காலில் மிதிக்கட்டை காய்ப்பேற்றிய இடம் மட்டும் கல்போல இருந்தது. மற்ற இடமெல்லாம் மெல்லக் குளிர்ந்தது. பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும் பாதங்கள் விலகப் பார்த்தன. அவள் விரல்கள் எங்கே முடிகின்றன, அவர் விரல்கள் எங்கே தொடங்குகின்றன என்று தெரியாதபடி கை மரத்தது. அழுகைச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல இருந்தது.

“மண்ணு குடுத்தப்புறந்தான் போச்சு, பாத்தீங்களா” என்று வருகிறவர்களிடமெல்லாம் லோகாம்பாள் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். பிறகு அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். வேட்டியின் ஓரத்தில் கையை விட்டவளுக்கு நாடா அகப்படவில்லை. ரேணுகாம்பாளின் விரல்கள் அகப்பட்டன.

ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முனிரத்தினம் நிற்கிற பக்கம் ஒருதரம் திரும்பினாள். ரேணுகாம்பாள் அவள் கத்தப்போவதற்காகக் காத்திருந்தாள்.

லோகாம்பாள் வேட்டியை இறக்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னா அண்ணி இது?” குரல் வெளியே வரவில்லை.

“கட்டாதன்னாரு.”

“அண்ணனா?”

“ம்.”

லோகாம்பாள் நெடுநேரம் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியது.

“கையை எடு. உனுக்கு மரத்திருக்கும். நான் புடிச்சிக்கிறேன்.”

ரேணுகாம்பாள் ஒரு கையை மட்டும் எடுத்தாள். அந்த இடத்தில் லோகாம்பாளின் கை உள்ளே வந்தது. ஆளுக்கொரு பாதமாக, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கும்பிட வந்தவர்கள் தலைமாட்டுப் பக்கமாகவே சுற்றிப் போனார்கள்.

“எனக்கு யாரு அண்ணி புடிப்பாங்க?” என்றாள் லோகாம்பாள்.