புதிதாக வேலைக்கு வருவோருக்கு ஒரு படக்கதை

விடியுமுன்னே சுருவில் ஊரின் நண்டுக் கொம்பனியில் ஆவி எழும்பிவிடும். அவித்த நண்டுகளை ஐசில் கொட்டி ஆறவைத்து, ஓட்டை உடைத்து, சதையை நார்நாராக எடுக்கவேண்டும். முதற்கூடை முடியுமுன்பே வினோஜாவின் விரல்கள் மரத்துப்போகும். ஓடு கீறினால் இரத்தத்தைக் கண்டுதான் தெரியும்.

அவள் நன்றாகப் படம் கீறுவாள். அதனால் முதலாளி பிரதாபன் அவளிடம் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, தொழிலில் முன்னேறும் வழியைச் சொல்லும் படக்கதைகள். சேர இருப்பவர்களும் உள்ள கொம்பனியின் வட்சப் குழுவில் அவை போகும். நேரத்துக்கு வரும் மலர், லீவு கேட்காத மலர், கடைசியில் மேற்பார்வையாளராகும் மலர். பிள்ளைகள் விரும்பிப் பார்த்தார்கள்.

ஒருநாள் கூட வேலைசெய்யும் யூலியட் கொதிநீர் வாளியோடு வழுக்கி விழுந்தாள். கழிவுநீர் வாய்க்காலின் மூடி உடைந்து அடைத்து, நிலமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திருத்தச் சொல்லி, அங்கே நெடுநாளாக வேலைசெய்யும் றஞ்சனி அக்கா எத்தனையோ தரம் கேட்டிருந்தாள். யூலியட்டின் கால்கள் வெந்துபோயின. அவளை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வினோஜா நிலத்தைக் கழுவினாள். மறுபடி கூடைக்கு முன்னால் போய் இருந்தாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

பின்னேரம் பிரதாபன் கூப்பிட்டார்.

"இந்தமுறை கவனத்தைப் பற்றிக் கீறும். ஒரு பெட்டை போனைப் பாத்துக்கொண்டு போய் விழுறாள். புதுப் பிள்ளையளுக்கு நல்ல பாடம்."

"யூலியட்டின்ரை கையிலை போன் இருக்கேல்லை, ஐயா."

"கதைதானே. ஆரின்ரை பேரும் போடவேண்டாம்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் கீற இருந்தபோது உடைந்த மூடிதான் தாளில் வந்தது. பிறகு தேங்கிய தண்ணீர். பிறகு வெறுங்காலோடு மலர். கீறியதை றஞ்சனி அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மற்றப் பெண்களும் வந்து பார்த்தார்கள். வேலைக்குச் சேரும்போதே சப்பாத்துக் கேட்கச் சொல்லு என்றாள் ஒருத்தி. காயப்பட்டால் வைத்தியச் செலவு ஆர் பொறுப்பென்று கேட்கச் சொல்லு என்றாள் இன்னொருத்தி. எதையும் தனியாகப் போய்க் கேட்கவேண்டாம் என்று படக்கதையின் கடைசிக் கட்டத்துக்குள் எழுதுவித்தாள் றஞ்சனி. அவற்றையும் கீறிச் சேர்த்து, எல்லாருமாகப் பார்த்துத்தான் குழுவில் போட்டார்கள்.

மறுநாள் காலை பிரதாபன் கொம்பனி வாசலிலேயே நின்றார்.

"அதை அழியும். இல்லாட்டி உமக்கு இஞ்சை வேலையில்லை."

"ஏலாது, ஐயா." யாரோ சொல்வதுபோல அது வினோஜாவின் காதில் விழுந்தது.

"அவவுக்கு வேலையில்லையெண்டால் நாங்களும் உள்ளை வரேல்லை," என்றாள் றஞ்சனி. "வாய்க்காலைத் திருத்துங்கோ. யூலியட்டுக்கு என்ன செய்யப்போறியள் எண்டு சொல்லுங்கோ."

"வந்திறங்கின நண்டெல்லாம் பழுதாப்போகும்."

"ஓம். பழுதாப்போகும்."

அவர் உள்ளே போய் யாருக்கோ போன் எடுத்தார். வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவாரா, நாளைக்கு வீட்டில் அடுப்பெரியுமா, ஒன்றும் தெரியாது. பெண்கள் வேலியோர வேம்பின்கீழ் இருந்தார்கள்.

பஸ் வந்து நின்றது. புதிதாகச் சேர வந்த மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள். திறந்திருந்த வாசலையும் வேம்பின் நிழலையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"அக்கா, மலரைக் கீறினது நீங்களோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாருமாத்தான்," என்றாள் வினோஜா.

அவர்கள் இருக்க இடம்விட்டு அவள் ஒருபக்கம் நகர்ந்து இருந்தாள்.