அளவுக்கு வந்த தலை

கப்பலேறி வந்து ஆண்டவர்கள், தாங்கள் ஆள்வது ஆசையால் அல்ல, மண்டையின் அளவால் என்று கண்டுபிடித்திருந்தார்கள். சின்ன மண்டைக்காரர்களைப் பெரிய மண்டைக்காரர்கள்தான் கட்டி மேய்க்க வேண்டுமாம். பாரம்தான், ஆனாலும் சுமக்கிறோம் என்றார்கள். துறைமுக அலுவலகத்தில் ஒரு டாக்டர் துரை அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா வேலைக்கு வருகிறவர்களுக்கு மொட்டையடித்து அவர் முன் உட்கார வைப்பது நாவிதரின் பொறுப்பு. வெறும் தலையைத் தொட துரைக்கு அருவருப்பு. அதனால் மழித்த தலைக்கு ஒரு துணியையும் கட்டிவிட வேண்டும்.

அன்று வந்தது நாவிதரின் மச்சினன் தலை. பரீட்சையில் முதலாவதாகத் தேறியவன். தலை தேறாவிட்டால் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான். தம்பிக்கு அளவு குறைந்தால் வீட்டுப் பக்கமே வர வேண்டாம் என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். நாவிதர் ஓரத்தை மட்டும் வழித்து, முடியை உள்ளே வைத்துத் துணி கட்டினார்.

துரை அளந்தார். மறுபடி அளந்தார். சுவரில் ஒட்டியிருந்த தம் தலையின் அளவைப் பார்த்தார். அது சிறியதாக இருந்தது.

பிறகு நிதானமாக விளக்கினார். துபாஷி மொழிபெயர்த்தார். “பெரிய மண்டைன்னா சத்தெல்லாம் எலும்புக்கே போயிடுமாம். யோசனை மந்தமா இருக்குமாம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்கற மாதிரி, துரை தலைதான் சரியான தலையாம்.”

நாவிதர் தாம்தான் கெடுத்தோம் என்று எண்ணி, துணியை அவிழ்த்துக் காட்டிக் கும்பிட்டார். துரை கோபப்படவில்லை. மழித்துத் துணி கட்டச் சொல்லி மீண்டும் அளந்தார்.

இந்த முறை நூலிழை பிசகாமல் சுவரிலிருந்த அளவே வந்தது.

துரை நாடாவைச் சுருட்டினார். பிறரைப் பார்த்து அப்படியே செய்யும் இனத்துக்குத் தலையும் இப்படித்தான் அமையும், சொந்தமாக ஆளும் திறன் இருக்காது என்று அவர் சொன்னதாகத் துபாஷி சொன்னார்.

“அப்போ எவ்ளோ இருந்தா வேலை குடுப்பீங்க?” என்றான் மச்சினன்.

துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் மச்சினன் மொட்டையைத் தடவிக்கொண்டான். “நீங்க வீட்டுக்குப் போங்க மாமா. அக்கா கேட்டா, தலை சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

“நீ எங்க போற மாப்ள?”

அவன் மூட்டை இறங்கிக்கொண்டிருந்த கிடங்குப் பக்கம் கையைக் காட்டினான்.