வெயில் முகாம்

கரிசல்காட்டில் தட்டுப்பாடே இல்லாத பொருள் வெயில்தான். அதையும் தம் பெயரில் வழங்கலாம் என்று கண்டுபிடித்தவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கார்த்திகேசன். வைட்டமின் டி இன்ஃபுளுயன்சா காய்ச்சலைத் தடுக்கும் என்று ஏதோ சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே ‘வெயில் முகாம்’ பிளெக்ஸ் அச்சாகிவிட்டது. அதில் சூரியனைவிட அவர் படம் பெரிது.

விடியுமுன் ஆபீஸ் வேனில் ஏறி, இருட்டியபின் இறங்கும் வேலைக்காரப் பெண்கள்மேல் வெயில் படுவதில்லை என்பது உண்மைதான்.

முகாமுக்கு முந்தின நாள் ஆறுமுகத்தாய்க்குக் காய்ச்சல். சூப்பர்வைசர் டெனிஸிடம் போய் நின்றாள்.

“ரெண்டு நாளு லீவு தாங்க அண்ணாச்சி. எம் மேசையில செல்வலட்சுமி இருக்கா. மாசமா இருக்கவளுக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்ய?”

“நாளைக்குக் காய்ச்சல் தடுக்க முகாம். இன்னைக்கு வந்து காய்ச்சல்னு சொல்லுத. மொதலாளி மூஞ்சில நான் எப்படி முழிக்கது? நாளைக்கு வரலன்னா பெறவு வரவே வேண்டாம்.”

வந்தாள்.

முன்வாசல் முழுக்க விருந்தினர் பந்தலும் கார்களும். மிச்சமிருந்த வெயில் மதிலோரம் ஒரு பாய் அகலம். அதில் எல்லாப் பெண்களையும் நெருக்கி நிறுத்தினார்கள்.

“ஏட்டி, தள்ளி நில்லு. எனக்கு ஒடம்பு காயுது” என்றாள் ஆறுமுகத்தாய்.

“எங்கன தள்ள? அங்கிட்டு நிழலு. நிழல்ல நின்னா டெனிஸ் ஆப்சென்ட் போட்டுருவாரு” என்று சிரித்தாள் செல்வலட்சுமி.

வரவழைத்திருந்த டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். “வைட்டமின் டி கம்மியா இருக்கவங்களுக்கு ஓரளவு உதவலாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. காய்ச்சல் இருந்தா வீட்டுல இருக்கணும். கர்ப்பிணிங்க தடுப்பூசி...”

‘உதவலாம்’ என்றதுமே முதலாளி கைதட்டத் தொடங்கியிருந்தார். கைதட்டல் ஓய்ந்தபோது மைக் அவரிடம் இருந்தது. பந்தல் நிழலில், மின்விசிறிக்கு முன் நின்று, வெயிலின் அருமையை வெகுநேரம் பேசினார்.

ஆறுமுகத்தாய் முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். இருமல் அதையும் தள்ளிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் பாதி மேசைகள் காலி. செல்வலட்சுமி திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டில் எல்லோரும் முன்னமே மதுரைக்குப் போய்த் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

“வெயில் பத்தல. இனி தினமும் நிக்கட்டும்” என்றார் அவர்.

மறுநாள் மதிலோரம் ஆறுமுகத்தாய் தன் பக்கத்தில் ஓராள் இடம் விட்டு நின்றாள்.

“ஏட்டி, என்னத்துக்கு எடம் விட்டு நிக்க? போட்டோ எடுக்கணும். நெருங்கி நில்லு” என்றார் டெனிஸ்.

நெருங்கி நின்றாள்.