நாக்கின் அலை

இது நாக்கு. இரண்டு வருடமாக நான் துடைத்துத் துடைத்து எறிந்துகொண்டிருந்தது இந்த நாக்கைத்தான்.

காமினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. காலை எட்டு மணிக்கு மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் அவளும் கணினியும் குளிர்சாதனத்தின் உறுமலும் மட்டும்தான். திரையில் நாற்பத்திரண்டு பேரின் மூளை அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நேற்றுவரை அவை சலவைக்குப் போய் வந்த சட்டைகள்போல இருந்தன. இன்று அவள் அழுக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நெற்றிப் பக்கத்தில் மெல்லிய மேடு ஒன்று எழுந்தது, தணிந்தது, மீண்டும் எழுந்தது. வாய்ப்பாட்டின் தாளம் அது: ஏழெட்டு, ஒரு மேடு. ஐம்பத்தாறு, இன்னொரு மேடு. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். மேடு அங்கேயே இருந்தது.

ஆய்வு எளிமையானது. திரையில் ஒரு பெருக்கல் வரும். வாய் திறக்காமல், அசையாமல், மனத்துக்குள் விடை கண்டுபிடித்து, திரையில் காட்டும் இரண்டு விடைகளில் சரியானதன் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். தலையில் முப்பத்திரண்டு மின்முனைகள் பதித்த தொப்பி. வந்தவர்கள் எல்லாரும் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு படித்தவர்கள், பாதிப் பேர் மலாய்ப்பள்ளியில். முப்பது வருடம் வேறு மொழிகளில் வேலை செய்த பிறகும் முதலில் கற்ற மொழி கணக்கில் தங்கியிருக்கிறதா? இதுதான் கேள்வி. தங்கவில்லை, இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று காமினி கட்டுரை எழுதியிருந்தாள். ஆய்வுப் பத்திரிகை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டது. திருத்திய பிரதியை இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் போதும். பேராசிரியர் பதவிக்கான அவளுடைய விண்ணப்பக் கோப்பில் குறைந்திருந்த ஒரே தாள் அதுதான். கோப்பும் இன்றோடு மூடுகிறது.

பத்திரிகையின் மதிப்பீட்டாளர் ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: பதினேழாம் எண் பங்கேற்பாளரை ஏன் நீக்கினீர்கள்? அதற்குப் பதில் எழுதத்தான் காமினி ஆய்வு உதவியாளர் ஹன்னாவின் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஹன்னாவின் குண்டு எழுத்தில் இருந்தது: "17. முதல் பாதி முழுக்க வாயில் ஜாதிக்காய் ஊறுகாய். கவனித்ததும் துப்பச் சொன்னேன். முதல் பாதி அலை சுத்தம், விடைகள் மோசம். இரண்டாம் பாதி விடைகள் சரி, அலையில் நாக்கு அழுக்கு. நீக்கம்."

அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். ஜாதிக்காய் இருந்தபோது அழுக்கு இல்லை, கணக்கும் வரவில்லை. துப்பியதும் அழுக்கு வந்தது, கணக்கும் வந்தது.

நாக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே சிறு மின் வேறுபாடு உண்டு. மூடிய வாய்க்குள் நாக்கு லேசாகப் புரண்டாலும் அந்த அலை மண்டைமேல் பரவி மூளையின் அலையோடு கலந்துவிடும். அதைக் கழிப்பதுதான் முதல் வேலை. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அவள் ஒன்பது வருடமாக அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். பதினோராவது சிலைடு. "மொதல்ல குப்பைய வெளியே தள்ளுங்க, அப்புறம் மூளையத் தேடுங்க." புதன்கிழமைகூடச் சொன்னாள், வகுப்பு சிரித்தது. இப்போது தனியாக உட்கார்ந்திருந்தவளுக்குக் கன்னம் சுட்டது. வெட்கமாகவும் இருந்தது, எழுந்து குதிக்க வேண்டும்போலவும் இருந்தது. தமிழ்ப்பள்ளிக்காரர்கள் இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேருக்கு அந்த மேடு இருந்தது. மலாய்ப்பள்ளிக்காரர்களில் மூன்றே பேருக்கு. வித்தியாசம் இருந்திருக்கிறது. அவள்தான் அதைக் கூட்டிப் பெருக்கி வெளியே போட்டிருக்கிறாள்.

அவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மற்ற யாரைவிடவும் அவளுக்குத்தான். தாசேக் கெலுகோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை வாய்ப்பாட்டைக் கத்திக் கத்திப் படித்தவள் அவள். இங்கிலாந்தில் முனைவர் பட்டத்துக்குப் போன முதல் மாதம், ஆய்வுக் கூட்டத்தில் ஏதோ ஒரு கணக்கைப் போட்டபோது நெறியாளர் அவள் உதடுகளைப் பார்த்துவிட்டு, பிரார்த்தனை செய்கிறாயா என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, அன்பாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து அவள் நாக்கை மேல்வாயில் ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகினாள். கணக்கு மெதுவானது. கால்குலேட்டர் வாங்கிக்கொண்டாள். தன்னுடைய நாக்கை அடக்கியவள் பிறகு நாற்பத்திரண்டு பேருடைய நாக்கையும் அடக்கிவிட்டாள். அதற்கு முறையியல் என்று பெயரும் வைத்திருந்தாள்.

எட்டரைக்கு ஹன்னா வந்ததும் காமினி முதலில் கேட்டது, "பதினேழாம் நம்பர் போன் நம்பர் இருக்கா?" என்பதுதான்.

ஹன்னாவின் முகம் சுருங்கிவிட்டது. "டாக்டர், அது என் தப்புதான். வாயில என்னான்னு மொதல்லயே பாத்திருக்கணும்."

"தப்பு இல்ல ஹன்னா. ரெண்டு வருஷத்துல இந்த ரூம்ல நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். கூப்பிடு."

தனலெட்சுமி பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார். ஐம்பத்துநான்கு வயது, தொழிற்சாலையில் லைன் லீடர், சுங்கை பாக்காப்பிலிருந்து மகன் ஓட்டிய காடியில் கடல்பாலம் கடந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தின் வழக்கமான பதிவு நேரம். தொழுகைக்குக் கட்டடம் காலியாகிவிடும், லிஃப்ட் ஓடாது, அலையில் இரைச்சல் குறையும். வெள்ளிக்கிழமையென்றால் பெண்கள் தலை குளித்தும் இருப்பார்கள். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது என்பதை முதல் மாதத்திலேயே காமினியும் ஹன்னாவும் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

"எண்ணெ வைக்கல டாக்டர், சாம்பூ மட்டுந்தான்," என்று சொல்லிக்கொண்டே தனலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தார். "போன தடவ இந்தப் பொண்ணு என்னைய ஏசுனது இன்னும் காதுலயே இருக்கு."

"நான் எங்க ஆன்ட்டி ஏசுனேன்! துப்புங்கன்னு சொன்னேன், அவ்ளோதான்."

"டிஷ்யூவ நீட்டுன பாரு, அதுவே ஏசுன மாதிரிதான்லா."

காமினி தொப்பியின் துளைகளில் பசையை நிரப்பிக்கொண்டே கேட்டாள். "ஜாதிக்காய் இன்னிக்குக் கொண்டாந்திருக்கீங்களா அக்கா?"

"பேக்குல இருக்கு, வாயில இல்ல. பாலத்துல வந்தா எனக்குக் கொமட்டும், அதுக்குத்தான். அன்னிக்கு மறந்து வாயிலயே வச்சிட்டேன், அதுக்குப் போயி..."

"அத எடுங்க. இன்னிக்கு அதுதான் வேணும்."

தனலெட்சுமி தொப்பியோடு தலையைத் திருப்ப, ஹன்னா பாய்ந்து பிடித்தாள். "அலாமாக்! அன்னிக்குத் துப்பச் சொன்னீங்க, இன்னிக்குத் திங்கச் சொல்றீங்களா? படிச்சவங்க ஒரு முடிவுக்கு வாங்கலா," என்றார் தனலெட்சுமி.

மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது கணக்கு. முதல் சுற்றில் வாயில் எதுவும் இல்லை. இரண்டாவதில் கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதில் ஜாதிக்காய்த் துண்டை நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவே அழுத்தி வைத்திருக்க வேண்டும். காமினி அலைகள் ஓடும் திரைக்கு முன்னால் நின்றாள். முதல் சுற்றில் இருபதுக்கு இருபது. உதடு இறுக்கமாக மூடியிருந்தது. ஆனால் நெற்றிப் பக்கத்தில் மேடுகள் இரண்டிரண்டாக எழுந்தன, யாரோ படியேறி வருவதுபோல. பந்து பிசைந்த சுற்றிலும் இருபது. ஜாதிக்காய் வாய்க்குள் போனதும் மேடு அடங்கியது, கோடு தட்டையானது. அந்தத் தட்டைக்கோடுதான் கட்டுரையில் அவள் அச்சிட்டிருந்த சுத்தமான கோடு. திரையில் ஏழு பெருக்கல் எட்டு வந்தது. தனலெட்சுமியின் புருவம் நெரிந்தது. விரல் பொத்தான்களுக்கு மேலே காத்திருந்தது. மூன்று விநாடி கழிந்து அது தவறான பக்கத்தில் இறங்கியது.

இருபதுக்குப் பதின்மூன்று.

ஹன்னா காமினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா டாக்டர், கை கட்டிப் போட்டாலும் கணக்கு வருது, நாக்கக் கட்டுனா வரலியே!" தனலெட்சுமிக்கு உண்மையிலேயே கோபம். "பதினஞ்சு வருசமா ரிஜெக்ட் பீஸ் எண்றவ நான். ஒரு நாளு தப்பினது கிடையாது. என் மானத்த வாங்கிட்டீங்களே."

"வாய்க்குள்ள சொல்லிப் பாக்குறீங்களா அக்கா, கணக்குப் போடும்போது?"

"ஐயோ இல்ல. வாயே தெறக்கலியே, கேமரா இருக்கு பாருங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்றேனா?"

காமினிக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. கண்ணிலும் என்னவோ வந்தது. தன் நாக்கு உள்ளே சொல்லிப் பார்ப்பது தனலெட்சுமிக்குத் தெரியாது. காமினிக்கே இன்று காலைவரை தெரியாது. ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் அறுபது பேர் வேண்டும், நாக்கை அழுத்திப் பிடிக்க மரக்குச்சி வேண்டும், மலாய்ப்பள்ளிக்காரர்கள் வேண்டும், மலாயில் கத்திப் படித்தவர்கள் வேண்டும். ஒருவேளை இது மொழியே இல்லை, கத்திப் படித்ததுதான் காரணமோ? அந்தக் கேள்வி வந்ததும் உடம்பு சிலிர்த்தது. ஒரு கதவைத் திறந்தால் பின்னால் இன்னும் நான்கு கதவுகள் இருப்பதைப் பார்த்தவளைப்போல அவள் நின்றாள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு மதியம் இனி கிடைக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

தனலெட்சுமி பசை காய்ந்து விறைத்த தலையைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டு, மீதி ஜாதிக்காய்ப் பொட்டலத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். "ஒங்க மெஷினுக்கே குடுங்க."

நான்கேகாலுக்குச் சுகுமாரன் வந்தார். துறைத்தலைவர். அடுத்த ஏப்ரலில் ஓய்வு. பதினாறு வருடத்துக்கு முன்னால் காமினிக்கு இந்த வேலையைப் போராடி வாங்கிக்கொடுத்தவர். கையில் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் பொட்டலம், எண்ணெய் தாளைத் தாண்டியிருந்தது.

"அனுப்பியாச்சா? அனுப்புனாத்தான் இது. இல்லாட்டி நானே திம்பேன்."

காமினி அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினாள். வார்த்தைகள் ஒன்றையொன்று முந்தின. அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல விஞ்ஞானி அவர். ஜாதிக்காய்ச் சுற்றின் தட்டைக்கோட்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அழகா இருக்கு," என்றார். "ரொம்ப அழகா இருக்கு காமினி. இத ரெண்டாவது பேப்பரா எழுது. இப்ப மொதல் பேப்பர அனுப்பு."

"மொதல் பேப்பர் தப்பு புரோஃப்."

"பதினேழாம் நம்பருக்கு ஒரு வரி போதும். விதிமுறைய மீறுனாங்கன்னு போடு. அது பொய்யா?"

"அது பொய் இல்ல. வித்தியாசமே இல்லன்னு தலைப்புல போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் பொய்."

"நேத்து வரைக்கும் உண்மைதானே! அடுத்த வருசம் நீயே ஒன்னைய மறுத்து எழுதலா, யாரு வேணாங்கறா? அப்படித்தான் எல்லாரும் செய்றாங்க." அவர் குரலைத் தணித்தார். "நான் போறதுக்குள்ள ஒன் கதவுல பேராசிரியர்னு பேர்ப்பலகையப் பாக்கணும். நான் போனப்புறம் ஒன் கோப்ப எவன் கையில தூக்குவான்?"

அதுதான் வலித்தது. அவர் சொன்னது உண்மை. அந்தப் பலகையை அவளும் பலமுறை மனத்தில் மாட்டிப் பார்த்திருக்கிறாள். வெண்கல எழுத்து வேண்டுமா, வெள்ளை எழுத்தா என்றுகூட யோசித்திருக்கிறாள். திரையின் ஓரத்தில் அனுப்பு என்ற நீலப் பொத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. ஒரு விரல் போதும். நாளைக்கே அறுபது பேரைத் தேடத் தொடங்கலாம், பேராசிரியராகவே தொடங்கலாம். ஆனால் அந்தப் பத்தொன்பது பெண்கள்? தனலெட்சுமி புருவத்தை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது? அவர்களிடம் எதுவும் இல்லை என்று தன் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டும். இருப்பதைப் பார்த்துவிட்ட பிறகு.

"இந்தப் பதவி உயர்வுச் சுற்ற விட்டா அடுத்தது மூணு வருசம் கழிச்சு," என்றார் சுகுமாரன். "பேராசிரியராக ஒனக்கு எத்தன பாயிண்ட் வேணும்? இப்ப இருக்கறது வருசத்துக்கு ஏழு, அத எட்டு வருசத்துக்குப் போட்டா..." அவர் கூரையைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொருமுறை. "ஐம்பத்தாறு. பத்தாது."

காமினி அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சி அடிவயிற்றிலிருந்து ஒரு குழந்தையைப்போல உதைத்துக்கொண்டு எழுந்தது.

"நீங்க எந்த ஸ்கூல் புரோஃப்?"

"தோட்டத்துத் தமிழ் ஸ்கூல்தான். அதுக்கென்ன இப்ப? மணி நாலே முக்கால் காமினி. அனுப்புமா."

அவள் எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். கழுவி மாட்டியிருந்த தொப்பியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள்.

"அனுப்பல புரோஃப்," என்றாள், தேநீர் வேண்டாம் என்று சொல்வதுபோல. "தலைக்கு எண்ணெ வச்சிருக்கீங்களா?"

தொப்பியின் முப்பத்திரண்டு துளைகளிலிருந்தும் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சுகுமாரன் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கறிபாப் பொட்டலம் இல்லாத கை தானாக மேலே போய், பின்னந்தலையில் மிச்சமிருந்த முடியைத் தொட்டுப் பார்த்தது.