தெரியுதா என்று கேட்காதீர்கள்

காலை பத்தரை மணிக்குள் நாலாவது ஆள் வந்தாயிற்று. இசக்கித்தாய் வாசலை மறித்து நின்றாள்.

"பாக்கத்தான வந்தோம் யம்மா," என்றார் எதிர்வரிசையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஞானையா. கையில் சாத்துக்குடிப் பை.

"பாருங்க அண்ணாச்சி. கேள்வி மட்டும் கேக்காதீங்க."

கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: 'என்னைத் தெரியுதா என்று யாரும் கேட்க வேண்டாம்.' ஞானையா அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு உள்ளே போய், கட்டிலில் சாய்ந்திருந்த மாரிக்கண்ணுவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"தெரியுதான்னு கேக்கல வே. இது எத்தன விரலு? அத மட்டும் சொல்லும்."

இசக்கித்தாய்க்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் கணவர் மாரிக்கண்ணு இருபத்திரண்டு வருஷம் ஆழ்வார்குறிச்சி மினி பஸ்ஸில் கண்டக்டர். யார் எங்கே இறங்குவார் என்று கேட்காமலே டிக்கெட் கிழித்தவர். ஐந்து வாரத்துக்கு முன் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இதயம் நின்று விழுந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை டிரைவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்ததால் உயிர் தங்கியது. ஆனால் மூளைக்குச் சில நிமிஷம் ரத்தம் சரியாகப் போகவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து வீடு வந்தார். நடக்கிறார், சாப்பிடுகிறார். முகங்களும் பெயர்களும்தான் பாதிக்கு மேல் இல்லை.

அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதை இசக்கித்தாய் ஒரு சொல் விடாமல் மனதில் வைத்திருந்தாள். பதற்றப்பட்டால் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும். ஆபத்து நேரத்தில் அது வேண்டியதுதான். ஓயாமல் சுரந்தால், ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற இடத்தைத் தேறவிடாது. "அடிபட்ட மூளைம்மா. பரீட்சை வைக்காதீங்க, தூங்கட்டும்."

ஊரே பரீட்சை வைக்கத்தான் வந்தது. அவர் விரலில் மாட்டியிருந்த நாடி பார்க்கும் கருவியை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆளில்லாதபோது நாடி எழுபத்தெட்டு. 'தெரியுதா' என்று ஒருவர் வாயெடுத்தால் நூற்றுப் பத்து.

அவள் மட்டும் கேட்டதில்லை. பயம். அவளை அவர் பேர் சொல்லாமல் 'ஏளா' என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். பெண்டாட்டி என்று தெரிந்து கூப்பிடுகிறாரா, சோறு போடும் யாரோ ஒருத்தி என்று கூப்பிடுகிறாரா?

ஞானையாவை அனுப்பிவிட்டு உட்காருவதற்குள், குலசேகரன்பட்டினத்திலிருந்து மாரிக்கண்ணுவின் அண்ணன் ஐயம்பெருமாள் வந்து இறங்கினார். கதவிலிருந்த தாளைக் காட்டினாள்.

"அது ஊருக்கும்மா. கூடப்பொறந்தவனுக்குமா?" என்று உள்ளே போய்விட்டார். "ஏலே மாரி, நான் யாருலே?"

மாரிக்கண்ணு மலர்ந்து சிரித்தார். "வாங்க அண்ணாச்சி. எங்கன எறங்கணும்?"

"அண்ணாச்சியா? ஒரே தட்டுல தின்னவன ஊரான் மாதிரி அண்ணாச்சிங்கான் பாரு! நல்லா யோசில!"

அவர் யோசித்தார். நெற்றி வேர்த்தது. சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது. நூற்றுப் பதினெட்டு.

"போதும் அத்தான்!" இசக்கித்தாய் கத்தியே விட்டாள். "ஒங்க மனசு ஆறணும்னு இவுக மூள வேகணுமா?" அதே வேகத்தில் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் எதுக்குச் சிரிச்சுச் சிரிச்சுச் சமாளிக்கீக? தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைங்களேன்!"

மாரிக்கண்ணு அவளைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"தெரியல," என்றார்.

ஐந்து வாரத்தில் முதல்முறையாக அந்தச் சொல். சொன்னதும் தோள் தளர்ந்து தலையணையில் சாய்ந்தார்.

ஐயம்பெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஐயம்பெருமாள்லே. ஒனக்கு மூத்தவன்."

"சரி," என்றார் தம்பி.

அண்ணன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதார். இசக்கித்தாய் கஞ்சி கொண்டுவந்தாள். நாலு கரண்டி குடித்தபின் மாரிக்கண்ணு கூப்பிட்டார்.

"ஏளா."

"என்ன?"

"ஒன் பேரும் தெரியல."

பதறாமல் சொன்னார். வேர்வை இல்லை. அவள் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தாள். ஐந்து வாரமாக அவள் பயந்த பதில் இதுதான்.

"இசக்கித்தாய்," என்றாள். "ஒங்க பொண்டாட்டி. இருவத்தாறு வருசமாச்சு."

"இசக்கித்தாய்." சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு மறந்துருவேன் போல."

"மறங்க. நாளைக்கும் சொல்லுதேன். இப்ப வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது."

ஒரு கரண்டி குடித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"வெளிய உக்காந்து அழுதாரே, அவருக்கும் கொஞ்சம் கஞ்சி குடு."

"குடுக்கேன். மொதல்ல நீங்க முழுங்குங்க."