பௌர்ணமிக்கு மறுநாள் பரீட்சை

பௌர்ணமிக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பௌர்ணமி ராத்திரி அந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. சுக்கு காபி, இளநீர், சுண்டல் என்று ஆளுக்கொரு கடை போடுவார்கள். பெரியவர்கள் விற்பார்கள், பிள்ளைகள் கடைக்குப் பின்னால் விடிய விடியக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார்கள். மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவார்கள்.

அந்த மறுநாளில்தான் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதியாக மதிப்பீடு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வருவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, செல்போனில் தெரியும் பத்தியைப் படிக்கச் சொல்வார். படித்தால் ஒரு பட்டன், படிக்காவிட்டால் இன்னொரு பட்டன். வருஷம் பூராவும் நடத்தியதைச் சில நிமிஷத்தில் எடை போட்டுவிடலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, அவர் ஒரு நாளாவது ஒரு வகுப்பை மேய்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அன்புச்செல்விக்குத் தன் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை. போன வருஷம் இதே மதிப்பீட்டில் வகுப்பு பின்தங்கியதற்காக ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வைத்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கவலை தென்றல். சுக்கு காபிக் கடைக்காரர் மகள். இரண்டு வருஷம் எழுத்துக் கூட்டவே திணறிய பெண், இந்த மாதம்தான் முதல்முறையாக ஒரு கதையை முழுசாகப் படித்து முடித்தாள். படிக்கத் தெரியவில்லை என்று செல்போன் சொல்லிவிட்டால், அவளை மறுபடியும் அ, ஆ படிக்கிற குழுவில்தான் உட்கார வைக்க வேண்டும். அங்கே போனால் அவளுக்கு மனசு விட்டுப்போகும். பிறகு புத்தகத்தைத் தொடவே மாட்டாள்.

தேதியை ஒரு நாள் தள்ளச் சொல்லிக் கேட்கலாமே என்று தலைமை ஆசிரியர் இராமலிங்கத்திடம் போய் நின்றாள். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கை அவருக்கு வேதவாக்கு. மேலே இருப்பவர்களின் காலண்டரில் பௌர்ணமி இல்லை போலிருக்கிறது என்று சிரித்தாரே தவிர, ஒன்றும் செய்யவில்லை.

மதிப்பீட்டு நாளன்று காலை பிரார்த்தனையிலேயே பாதிப் பேர் ஆடிக்கொண்டு நின்றார்கள். தென்றலின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. புத்தகத்தைக் கொடுத்தால் முதல் வரியிலேயே தலை சாய்ந்தது. முகத்தைக் கழுவ வைத்து இன்னொரு தடவை பயிற்சி கொடுக்கச் சொன்னார் இராமலிங்கம். அன்புச்செல்வி போய் ஜமுக்காளத்தை எடுத்து விரித்தாள்.

"பசங்க தூங்கட்டும் சார்."

"வர்றவங்க பாத்தா நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, நிமிஷத்துக்கொரு தடவை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளோ அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள்.

மதிப்பீடு செய்ய வர வேண்டியவளையும் பௌர்ணமி சும்மா விடவில்லை. ஆர்த்தி என்ற பி.எட். மாணவி, கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவள். கிரிவலக் கூட்டம் கலையாததால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கால் இரண்டும் கெஞ்சின. அவளைக் கண்டதும் இராமலிங்கம் வகுப்பு வாசலில் நின்று பலமாக இருமிப் பார்த்தார். ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

அன்புச்செல்வி மறைக்காமல் ராத்திரிக் கதையைச் சொன்னாள். ஆர்த்தி பிள்ளைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுப்பாதீங்க டீச்சர். இப்ப எழுப்புனா இவங்க தூக்கத்ததான் டெஸ்ட் பண்ண முடியும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சா போதும்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். இராமலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

மதியம் சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் பழையபடி வாயாடத் தொடங்கினார்கள். அதன்பிறகுதான் மதிப்பீடு. ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அன்புச்செல்வி வாசலில் நின்றாள்.

தென்றல் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரலை வைத்து வைத்துப் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் நின்றாள். வாசலில் நின்றவளுக்கு மூச்சும் நின்றது. தென்றல் அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கே விரலைத் திருப்பிக் கொண்டுபோய், கூட்டிப் படித்து, தாண்டிவிட்டாள். கடைசி வரியும் முடிந்தது. படித்தாள் என்ற பட்டனை அழுத்திவிட்டு, ஆர்த்தி போனை வாங்கக் கை நீட்டினாள். தென்றல் கொடுக்கவில்லை. திரையின் அடியில் புதிதாக ஒரு பச்சைக் கட்டம் வந்திருந்தது. விரலை அங்கே கொண்டுபோனாள்.

"ச... மர்... ப்பிக்க. சமர்ப்பிக்க."

ஆர்த்தி சிரித்துவிட்டாள். "அது பாடம் இல்ல கண்ணு. நான் அழுத்துற பட்டன்."

"அதுவும் எழுத்துதான மிஸ்?"

அன்புச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. சோறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சத்துணவுக் கூடத்துக்கு நடந்தாள்.